வீசுகிற ஊற்றும் கொடுக்கிற ஊற்றும்

இப்போது நம் ஊரில் புதுவீடு கட்டுகிறவர்களும் புதுக்கடை திறக்கிறவர்களும் தவறாமல் வாங்குகிற சாமான்களில் வாட்டர் ஃபவுண்டனும் ஒன்றாகிவிட்டது. மேசை மேல் வைக்கிற கையகல ஊற்றிலிருந்து வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிற நாலடுக்குக் கல் ஊற்று வரை வகைவகையாகக் கிடைக்கிறது. ஒன்றில் புத்தர் கையிலிருந்து தண்ணீர் வழிகிறது. இன்னொன்றில் கண்ணாடிச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது. அடியில் நீலமும் பச்சையுமாக விளக்கு எரிகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் பிடிக்கும்.

வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்விகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு உயரம் அடிக்கும், லைட் கலர் மாறுமா, எந்த மூலையில் வைத்தால் பணம் வரும் என்று இந்த மூன்றைத்தான் கேட்கிறார்கள். வாரம் ஒருமுறை இதை யார் கழுவுவது என்று ஒருவரும் கேட்பதில்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுவ ஆள் இல்லாத வீட்டுக்கு ஃபவுண்டன் வேண்டாம். ஆள் உண்டென்றால், சிறியதாக, தாழ்வாக, பிரித்துத் துடைக்க வசதியாக ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். வியாபாரம் செய்கிறவர் என்றால், அதற்கு முன்னால் வாசலில் ஒரு குடிதண்ணீர்ப் பானை வையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் வகுப்பில் வாய்ப்பாடு பிரெஞ்சில்தான் ஓடியது. அந்த மொழியில் 'ஃபோந்த்தேன்' என்று ஒரு சொல் உண்டு. தரையிலிருந்து தானாகச் சுரக்கிற ஊற்றுக்கும் அதுதான் பெயர், ஊர் ஜனங்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கும் அதுதான் பெயர். பூங்காவில் மேலே பீய்ச்சி அடிக்கிறதைத் தனியாகச் சொல்ல 'ழே தோ' என்று வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வீச்சு என்று தமிழில் சொல்லலாம். அந்த வயதில் இது வெறும் சொல் வித்தியாசமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் ஒன்று கொடுக்கிறது, ஒன்று வீசுகிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எல்லோரும் லா ஃபோந்த்தேன் கதைகளை மனப்பாடம் செய்து, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தவர்கள்தான். காக்கையும் நரியும், வெட்டுக்கிளியும் எறும்பும் எல்லாம் அப்படி மனதில் ஏறியவை. அவர் பெயரிலேயே ஊற்று இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், அவர் பார்த்த உத்தியோகம். சொந்த ஊர்ப் பக்கத்து நீர்நிலைகளையும் காடுகளையும் மேற்பார்வை பார்க்கிற அரசாங்க வேலை அது. நம்மைப் போல அவரும் கோப்புக் கட்டியவர் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நம் ஊருக்கு வருவோம். பாரதி பூங்கா நடுவில் நிற்கிற ஆயி மண்டபத்தைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் இல்லை. புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். அதன் கதையும் உங்களுக்குத் தெரியும். அந்த வழியாகப் போன மன்னர் ஒருவர், தூரத்தில் விளக்கொளியில் மின்னிய மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். ஆயி என்ற தாசியின் வீடு அது என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். நானே இடித்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாளாம் ஆயி. பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் கொண்டுவந்தபோது இந்தக் கதையைக் கேட்டு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக மண்டபம் எழுப்பினார்கள். கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு செவிவழி என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஓர் ஊர் தன் முத்திரையில், தண்ணீர் கொடுத்த ஒருத்தியின் மண்டபத்தை வைத்திருக்கிறது. அது போதும் எனக்கு.

பிரான்ஸிலேயே இரண்டு விதமும் உண்டு. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் பதினான்காம் லூயி நூற்றுக்கணக்கான நீர்வீச்சுகளை வைத்தார். அவ்வளவுக்கும் போதுமான தண்ணீர் அங்கே இல்லை. சேன் நதியிலிருந்து தண்ணீரை 150 மீட்டருக்கு மேல் ஏற்றுவதற்காக மார்லி என்ற இடத்தில் 14 பெரிய சக்கரங்களும் 200க்கு மேற்பட்ட பம்புகளும் கொண்ட இயந்திரம் ஒன்று 1684இல் தயாரானது. அப்படியும் பற்றவில்லை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ராஜா நடந்து வரும்போது ஊற்றுக்காரர்கள் ஒருவருக்கொருவர் விசில் அடித்துச் சொல்லி, அவர் கண்ணுக்கு எதிரே இருப்பதைத் திறந்துவிடுவார்கள். அவர் தாண்டிப் போனதும் மூடிவிடுவார்கள். அமைச்சர் வருகிற அன்றைக்கு மட்டும் தெருவிளக்கு எரிகிற கதைதான். நம் ஆட்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

இன்னொரு விதம் பாரிஸ் தெருக்களில் இருக்கிறது. 1870–71 முற்றுகைக்குப் பிறகு பாரிஸில் ஏழைகளுக்குக் குடிதண்ணீர் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அங்கே வாழ்ந்த ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயப் பணக்காரர் 1872இல் தன் செலவில் குடிதண்ணீர் ஊற்றுகளை நிறுவச் செய்தார். கரும்பச்சை நிற வார்ப்பிரும்பு. நான்கு பெண்கள் தலைக்கு மேல் ஒரு சின்னக் கோபுரத்தைத் தாங்கி நிற்பார்கள். நடுவில் ஒல்லியாகத் தண்ணீர் இறங்கும். அந்த நான்கு பெண்களுக்கும் நல்லெண்ணம், எளிமை, ஈகை, குடிப்பழக்கமின்மை என்று பொருள் சொல்வார்கள். தண்ணீரை விடச் சாராயம் சுலபமாகக் கிடைக்கிற ஊரில் ஏழை குடித்துக் கெட்டுப்போவான் என்கிற கவலை. நம் ஊரில் எது சுலபமாகக் கிடைக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊற்றுகளில் சங்கிலியில் கட்டிய தகரக் குவளைகள் தொங்கும். சுகாதாரக் காரணத்துக்காக 1952இல் குவளைகளை எடுத்துவிட்டார்கள். ஊற்றுகள் இன்றைக்கும் இருக்கின்றன, ஜனங்கள் குடிக்கிறார்கள்.

வாலஸ் தன் ஊற்றுகளுக்கு நான்கு நிபந்தனை வைத்தார். உயரம், தூரத்திலிருந்து தெரிய வேண்டும், ஆனால் தெருவின் அழகைக் கெடுக்கக் கூடாது. வடிவம், கண்ணுக்கும் நன்றாக, உபயோகத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். விலை, நிறைய இடங்களில் வைக்கிற அளவுக்குக் கட்டுப்படியாக வேண்டும். பொருள், நீடித்து உழைக்கவும் சுலபமாகப் பராமரிக்கவும் கூடியதாக இருக்க வேண்டும். நூற்றைம்பது வருஷம் ஆகியும், நம் வீட்டு வரவேற்பறைக்கு ஃபவுண்டன் வாங்க இதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியவில்லை.

இதை ஒரு தடவை கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனேன். என் தம்பி மகன் எங்கள் பழைய குடும்ப வீட்டை ஆறு அறை கெஸ்ட் ஹவுஸாக மாற்றியிருக்கிறான். கடற்கரையிலிருந்து நாலைந்து தெரு தள்ளி இருக்கிற முற்றம் வைத்த வீடு. "பெரியப்பா, முற்றத்தில் ஒரு ஃபவுண்டன் வைக்கணும், கூட வாங்க" என்று கூப்பிட்டான். போனோம்.

கடைக்காரப் பையன் காட்டிய முதல் சரக்கு ஏழடி உயர ஜெட். "சார், தண்ணி ஆறடி மேல போகும்" என்றான். ஆறடி மேலே போகிற தண்ணீர் எங்கே விழும் என்று கேட்டேன். தொட்டியில்தான் என்றான். தொட்டியின் விட்டம் நாலடி. பொதுவான கணக்கு ஒன்று உண்டு. தண்ணீர் எவ்வளவு உயரம் போகிறதோ, தொட்டியின் விட்டம் அதைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். காற்றடிக்கிற இடமென்றால் இன்னும் கூட வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றில் ஆறடி ஜெட் வைத்தால் தண்ணீர் தொட்டியில் பாதி, தரையில் பாதி. தரையில் பாதி என்றால் அதில் வழுக்கி விழப்போவது யார்? நம் வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அதனால் உயரத்துக்கு என் விதி, முழங்காலுக்கு மேல் தண்ணீர் போக வேண்டாம். வழிந்து இறங்குவதாக இருந்தால் இடுப்பு உயரம் போதும்.

அடுத்தது பம்பு. பெட்டியில் மணிக்கு இத்தனை லிட்டர் என்றும் இத்தனை மீட்டர் உயரம் என்றும் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது. அந்த உச்ச உயரத்துக்குப் போனால் தண்ணீர் வரத்து பூஜ்யம். தண்ணீர் ஒரு மீட்டர் ஏற வேண்டுமென்றால், இரண்டு மீட்டர் என்று போட்ட பம்பை வாங்குங்கள். மின்சாரச் செலவு பெரிதில்லை. 18 வாட் பம்பு தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஐந்தரை யூனிட்தான் ஆகும். பயப்பட வேண்டியது மின்சாரக் கட்டணத்துக்கு இல்லை, மின்சாரத்துக்கு. தண்ணீரும் கரண்டும் ஒரே தொட்டியில் இருக்கிறது. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுகிற பம்பாக வாங்குவது நல்லது. எதுவாக இருந்தாலும், கசிவு ஏற்பட்டால் உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் அந்த இணைப்புக்கு இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் முதலில் கையை விடுகிற இடம் ஃபவுண்டன்தான்.

மொட்டை மாடியில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் எடையைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தொட்டியில் ஓரடி தண்ணீர் நின்றால் 300 கிலோ. நம் கட்டுமான விதிப்படி ஆள் நடமாடுகிற மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கன அடி கருங்கல்லின் எடை ஏறக்குறைய 75 கிலோ. மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட பழைய மெட்ராஸ் தளத்தில் இதை எல்லாம் ஏற்றுவது வீட்டுக்குச் செய்கிற துரோகம்.

பொருள் விஷயத்தில் கடற்கரை ஊருக்கென்று சில சங்கதிகள் இருக்கின்றன. சாதாரண எவர்சில்வர் என்று விற்கிற 304 ரகம் உப்புக்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். வாங்கியே தீருவேன் என்றால் 316 என்று கேட்டு வாங்குங்கள். ஃபைபரும் ரெசினும் எடை குறைவு, ஆனால் வெயிலில் வைத்தால் சில வருஷத்தில் வெளுத்து, விரிசல் விடும். கருங்கல் உழைக்கும், மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் சொல்லிச் செய்யலாம். விலையும் எடையும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நம் வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சுடுமண் தண்ணீரை உறிஞ்சும், வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூக்கும். உட்புறம் மெருகிட்டு வாங்கினால் அந்தத் தொந்தரவு குறையும். உடைந்தாலும் ஒரு பானைதான் போகும்.

எந்தப் பொருளானாலும் தண்ணீரின் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஃபவுண்டனில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. தினம் கொஞ்சம் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் போகாது. நீங்கள் மேலும் தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்பு சேர்ந்துகொண்டே வரும். கொஞ்ச நாளில் கல்லிலும் பம்பின் வாயிலும் வெள்ளைப் படலம் ஏறிவிடும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற தெருக்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மாடியிலிருந்து பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இதற்கு ரொம்ப நல்லது. ஏறிய படலத்தை எடுக்க வெள்ளை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். பளிங்குக் கல்லில் மட்டும் வினிகர் பட வேண்டாம், அரித்துவிடும்.

இதெல்லாம் பணமும் பொருளும் சம்பந்தப்பட்ட விஷயம். உடம்பு சம்பந்தப்பட்டது இரண்டு இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்காக நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலாவது கொசு. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நம் வீட்டு நல்ல தண்ணீரைத்தான் தேடி வருகிறது. ஓடுகிற தண்ணீரில் அதற்கு வேலையில்லை. ஆனால் எந்த வீட்டில் ஃபவுண்டன் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது? விருந்தாளி வந்தால் போடுகிறோம், போனதும் அணைக்கிறோம், பிறகு ஒரு வாரம் மறந்துவிடுகிறோம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். இன்னொன்றும் இருக்கிறது. அது முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச்சுவரில். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றும்போது பொரிக்கும். அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். தேய்க்கக் கை நுழையாத ஃபவுண்டனை வாங்கவே வாங்காதீர்கள். வடிவத்துக்கு நான் வைக்கிற முதல் விதியும் அதுதான்.

இரண்டாவது நுரையீரல். வெதுவெதுப்பான, தேங்கிச் சுற்றுகிற தண்ணீரில் லெஜியோனெல்லா என்றொரு கிருமி வளரும். 1976இல் அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரத்து ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் பலர் இறந்துபோன பிறகுதான் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிருமி இருக்கிற தண்ணீரைக் குடிப்பதை விட, அதன் மெல்லிய சாரலை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. கடுமையான நிமோனியா வரும். 2010இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் முகப்பில் அழகுக்காக வைத்திருந்த நீர்ச்சுவரால் எட்டுப் பேருக்கு இந்த நோய் வந்தது. அந்தச் சுவருக்கு உள்ளே இருந்த நுரைப்பஞ்சில் கிருமி குடியிருந்தது. வெளியே பார்த்தால் அழகான தண்ணீர்தான். வயதானவர்கள், புகைபிடித்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், சர்க்கரை நோயாளிகள்தான் இதில் முதலில் விழுவார்கள். நம்மில் பாதிப் பேர் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறோம். நம் ஊர் வெயிலில் தண்ணீரை வெதுவெதுப்பாக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. அதன் மேல் தண்ணீருக்குள் விளக்கு வேறு.

தம்பி மனைவிக்கு வருஷக்கணக்காக ஆஸ்துமா. காலையில் கெஸ்ட் ஹவுஸ் முற்றத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது அவர்தான். கடையில் இதை நான் சொன்னபோது தம்பி மகன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அம்மா உட்காரும் இடத்தில் சாரல் வரக் கூடாது, அவ்வளவுதானே பெரியப்பா?" என்றான். "அவ்வளவுதாம்பா" என்றேன். பையன் புத்திசாலி. புகை மாதிரி பனி கிளப்புகிற மிஸ்ட் வகை ஒன்றைத்தான் அதுவரை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை விட்டுவிட்டான்.

கடைசியில் அவன் அந்தக் கடையில் பம்பு மட்டும் வாங்கினான். மற்றதை வில்லியனூரில் வாங்கினோம். ஒன்றின் வாயிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிற மாதிரி மூன்று வாயகன்ற சட்டிகள், கீழே ஒரு பெரிய தொட்டி. தண்ணீர் தெறிக்காமல் வழிந்து இறங்குகிறது. வெள்ளிக்கிழமை காலையில் சட்டிகளைத் தனித்தனியாகத் தூக்கி, தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்து, புதுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அரை மணி நேர வேலை. ஐப்பசி மழை ஆரம்பித்தால் பம்பை எடுத்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் டெங்குக் காலமும். மழைக்காலத்தில் முற்றத்துக்கு வேறு ஊற்று எதற்கு?

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர்ச் சத்தம் மனதுக்கு இதம் என்று விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் அறுபது தாண்டிய ஆண்பிள்ளைக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் இன்னொரு விஷயத்தையும் ஞாபகப்படுத்தும். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபவுண்டன் வைத்தால் ராத்திரி நாலு தடவை எழுந்துபோக வேண்டும். சிரிக்காதீர்கள், கடையில் ஓடவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாஸ்து பார்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வடகிழக்கு மூலை என்றால் வடகிழக்கிலேயே வையுங்கள். ஆனால் எந்த மூலையில் வைத்தாலும், பாசி பிடித்துக் கொசுப்புழு நெளிகிற தண்ணீரைப் பார்த்து லட்சுமி உள்ளே வருவாள் என்று நான் நம்பவில்லை.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். பூங்கா ஊற்றோ கட்டட முகப்பு ஊற்றோ, வாங்குகிற கோப்பு மளமளவென்று நகரும். திறப்புவிழாத் தேதி முன்கூட்டியே குறித்திருக்கும். பராமரிப்புக்கு யார், எந்தத் தலைப்பில் செலவு என்கிற பத்தி மட்டும் காலியாகவே வரும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அப்படி ஒரு ஊற்றைத் திறந்தார்கள். அன்றைக்கு எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். மூன்று மாதத்தில் பம்பு நின்றது. ஆறு மாதத்தில் தொட்டியில் தண்ணீர் பாட்டிலும் டீ கப்பும் நிறைந்தன. பிறகு யாரோ மண் கொட்டி, குரோட்டன்ஸ் செடி வைத்தார்கள். செடி நன்றாக வந்தது. வீட்டில் ஃபவுண்டன் வாங்குகிறவர்களும் அந்தக் காலிப் பத்தியை முதலில் நிரப்பிவிட்டுக் கடைக்குப் போங்கள் என்கிறேன். "பொறுப்பு" என்று எழுதிய இடத்தில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் எழுபத்திரண்டு வயதுப் பாட்டியுடையதாக இருக்கக் கூடாது.

இப்படி எல்லாம் கணக்குப் பார்த்தால் வீட்டில் ஓர் அழகான சாமான் வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழகு வேண்டும். பென்ஷன் வாங்குகிற வீட்டுக்கும் வேண்டும். அதற்குத்தான் நம் பாட்டிமார்கள் உருளி வைத்தார்கள். வெண்கல உருளியில் தண்ணீர், மேலே நாலு செம்பருத்தி, இரண்டு நந்தியாவட்டை. காலையில் வைத்த தண்ணீர் மறுநாள் காலையில் செடிக்குப் போய்விடும். பம்பு இல்லை, சாரல் இல்லை, கொசுவுக்கு நேரமும் இல்லை. தினசரி செய்கிற வேலையை யாரும் மறப்பதில்லை. வாரம் ஒருமுறை செய்கிறதைத்தான் மறக்கிறோம்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நேரு வீதியில் சித்திரை வெயிலில் ஒரு நடை போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஏசியில் ஃபவுண்டன் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே செக்யூரிட்டி வேலை பார்க்கிற பெரியவர் வெயிலில் நிற்பார். மூட்டை தூக்கி வந்த ஆள் தண்ணீர் கேட்டால் பக்கத்துக் கடையில் பாட்டில் வாங்கச் சொல்வார்கள். மணல் பரப்பி, மண்பானை வைத்து, தினம் கழுவித் தண்ணீர் மாற்றி, குழாய் திருகினால் டம்ளரில் விழுகிற மாதிரி வைக்க எத்தனை ரூபாய் ஆகும்? அந்த ஃபவுண்டன் விலையில் பத்துக் கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் நடத்தலாம். ஊற்றைப் பார்த்து, உன் தண்ணீரைக் குடிக்கவே மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லாதே என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. நாளைக்கு எதற்கு யாரிடம் போய் நிற்போம் என்று தெரியாது என்பது அதன் கருத்து. இன்றைக்கு நாம் வாங்குகிற ஊற்றுகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல வேண்டியதே இல்லை. குடிக்கிற மாதிரி அதில் ஒன்றும் இருப்பதில்லை.

தம்பி மகனுடைய கெஸ்ட் ஹவுஸ் வாசலில் இப்போது ஒரு பானை இருக்கிறது. அதற்கு நான் யோசனை சொல்லவில்லை, அவன் அம்மா வைத்தது. முற்றத்துச் சட்டிகளைத் தங்க வருகிறவர்கள் படம் பிடிக்கிறார்கள். பானைத் தண்ணீரைத் தபால்காரரும், குப்பை எடுக்க வருகிற அம்மாவும், ரிக்ஷாக்காரரும் குடிக்கிறார்கள். ஆஸ்துமாக்காரியான தம்பி மனைவி தினமும் காலையில் பானையைக் கழுவிவிட்டுத்தான் கணக்கு நோட்டைத் திறக்கிறார்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் போய்வாருங்கள். போகும்போது ஒரு நாடாவும், ஒரு தேய்க்கிற பிரஷும் கையில் எடுத்துப் போங்கள். நாடா உயரம் அளக்க. பிரஷ் உள்ளே நுழைகிறதா என்று பார்க்க. நுழையவில்லை என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கடையிலேயே இருக்கட்டும்.